ஒன்றேகால் மணிக் காது

"நாற்பத்தாறு கிராம்" என்றார் தராசு, தபால் எடை பார்க்கும் குட்டி மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரேடியோ தனக்கு வந்த கொட்டாவியைப் பாதியில் மடித்தாள். "சார், அது பாட்டு ரெக்கார்டு. எடை போட்டுப் பொட்டலம் கட்டித் தரப் போறீங்களா?"

"இந்த அளவு ரெக்கார்டு எவ்வளவு இருக்கணும்?"

"குத்துமதிப்பா ஒரு..."

"அந்த வார்த்தை இந்த ரூமுக்குள்ள வேண்டாம்."

எடை அளவுத் துறையில் இருபத்தாறு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கள்ளப் படிக்கற்களைப் பிடித்துப் பிடித்தே தராசு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்ட பிறகு, கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். மனிதர்களை நம்புவார், 'குத்துமதிப்பு' என்ற வார்த்தையை மட்டும் நம்ப மாட்டார்.

ரேடியோ அவருடைய உதவியாளர். பதினாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பேச்சை இணைத்துவிட்டுத் தன் வாயை மூடிக்கொண்டிருந்தவள். அந்த வேலை மெஷினுக்குப் போனதும், சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் தராசின் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

எதிர் நாற்காலியில் அக்கா. இவர்கள் இரண்டு பேருக்கும் அவள் அக்கா இல்லை. ஒரு வாரமாக "என் தம்பி, என் தம்பி" என்று அவள் சொன்னதில் கேஸ் ஃபைலிலேயே அப்படி ஏறிவிட்டது. பல்செட் செய்யும் லேபில் வேலை. நகக்கண்ணில் ஈறு நிறத்தில் ரோஸ் பவுடர். அவளுடைய தம்பி ஒரு பேண்டில் பாடுகிறவன். பாடுகிறவன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடிவயிற்றிலிருந்து அலறுகிறவன். அந்த வகை இசைக்கு ஸ்க்ரீமோ என்று பெயராம்.

நாற்பத்தொன்பது நாட்களுக்கு முன், டூரின் ஒன்பதாவது ஊரில், நிகழ்ச்சியை முடித்துவிட்டு மைக் ஒயரை ஒழுங்காகச் சுருட்டி டிரம்ஸ் ஸ்டூல் மேல் வைத்தவன், தன் துணிப்பையோடு காணாமல் போனான். வயசு வந்த ஆள், பையை எடுத்துக்கொண்டு தானாகப் போயிருக்கிறார் என்று போலீஸ் கைகழுவிவிட்டது.

"நேத்து என் லேபுக்குத் தபால்ல வந்துச்சு" என்றாள் அக்கா. "அனுப்பினது யாருன்னு இல்ல. ஆனா அவன் கையெழுத்து. எங்க வீட்ல இதைப் போட்டுக் கேக்கற மெஷினே கிடையாது. அது அவனுக்கும் தெரியும்."

ஏழங்குல ரெக்கார்டு. லேபிளில் பேண்டின் பெயர்: 'நீங்கள் அழைத்த எண்'. கறுப்புத் தட்டில், தண்ணீரில் கரைந்த மருந்து மாதிரி ஆரஞ்சு நிறம் புகையாக ஓடியிருந்தது. விளிம்பு சொரசொரப்பாக, வெட்டாத நகம்போல நீண்டிருந்தது.

"அழைச்ச எண்ணாம்! நாமளும்தான் ஒரு வாரமா அழைக்கறோம்" என்றாள் ரேடியோ.

"எட்டு நாள் போன் பண்ணினேன், எடுக்கல. அப்புறம் தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ். இதுவரைக்கும் நாப்பத்தொண்ணு." அக்கா போனைத் திறந்து காட்டினாள். "எல்லாத்துக்கும் நீல டிக். ஒண்ணு விடாமக் கேக்கறான். கேட்டுட்டுப் பதில் போட மாட்டேங்கறான். அவ்வளவு கோபம்."

"என்ன கோபம்?"

"நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன் சார். டூர் கிளம்பற அன்னிக்குக் காலையில." அதற்கு மேல் போகாமல் நகத்து ரோஸ் பவுடரைச் சுரண்டினாள். "சொல்லிட்டு 'போடா'ன்னும் சொன்னேன். 'சரிக்கா'ன்னான். அவ்வளவுதான், போயிட்டான். அவன் வீட்டுக்கு வரலைன்னாலும் பரவாயில்ல. நேர்ல ஒரே ஒரு தடவை பார்த்து, அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கணும்."

"எழுதிப் போட்டிருக்கலாமே?"

"வாயால சொன்னதை வாயாலதான் எடுக்கணும். எழுதினா லீவ் லெட்டர் மாதிரி இருக்கும்."

தராசு போனை வாங்கி ஒவ்வொரு மெசேஜாக அழுத்தி, கேட்கப்பட்ட நேரத்தைத் தன் நோட்டில் எழுதினார். நாற்பத்தொன்றையும். ரேடியோ அதற்குள் இரண்டு தரம் டீ குடித்துவிட்டாள்.

"தினமும் ஒண்ணேகால்" என்றார் கடைசியில். "ஒண்ணு பதினஞ்சுக்கும் ஒண்ணு இருபதுக்கும் நடுவுல. ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாது. ஞாயிறு அனுப்பினது திங்கள் ஒண்ணேகாலுக்கு."

"ராத்திரி கத்தறவனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கறாங்களா?" என்றாள் ரேடியோ.

"அதேதான். அவன் இப்போ சங்கு ஊதற இடத்துல வேலை பார்க்கறான்." தராசு ரெக்கார்டை உறையில் போட்டார். "வாங்க, இதைப் பெத்தவங்களைப் போய்ப் பார்ப்போம்."

*

ரெக்கார்டைப் பெற்ற பேண்டுக்காரர்கள் ஒரு மாவு மெஷின் கடைக்குக் கீழே, நிலவறையில் இருந்தார்கள். பழைய மெத்தைகளைச் சுவரெல்லாம் ஆணியடித்திருந்தது. தரையில் பத்து வகை ஒயர். மேலே மெஷின் ஓடும்போதெல்லாம் கூரையிலிருந்து வெள்ளையாக எதுவோ உதிர்ந்தது.

டிரம்ஸ் வாசிக்கும் பெண்ணுக்கு வேன்காரி என்று பெயர். பேண்டின் வேனை ஓட்டுவதும் ரிப்பேர் செய்வதும் அவள்தான்; கை முழுக்கக் கிரீஸும் காய்ப்பும். கிடார்காரனை ஜெராக்ஸ் என்றார்கள். பகலில் நகல் எடுக்கும் கடையில் வேலை. முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் பேண்டின் ரெக்கார்டு உறைகளை அச்சடிப்பான்.

தராசு உறையிலிருந்து ரெக்கார்டை எடுத்ததும் ஜெராக்ஸின் முகம் உறையை விட வெளுத்தது.

"இது... இது எப்படி உங்ககிட்ட? எங்களுக்கே இன்னும் வரலையே! வெள்ளிக்கிழமைதான் பெட்டி வரும்னு ரெக்கார்டு அடிக்கற பிரஸ்ல சொன்னாங்க. முந்நூறு உறையை மடிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கோம்!"

"நீங்க கேட்டது என்ன நிறம்?"

"கறுப்பு. வெறும் கறுப்பு. கலர்னா காசு ஜாஸ்தி. இந்த ஆரஞ்சு யார் போட்டது?"

வேன்காரி ரெக்கார்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். ஊசியை வைத்தாள்.

கிடார் இரண்டு மூன்று தடவை மெதுவாகச் சொட்டியது. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் இடிந்து விழ, அதன் நடுவில் ஒரு குரல். ரேடியோவின் நாக்கில் 'யாருக்கோ பல்லு புடுங்கறாங்க' என்று ஜோக் தயாராக இருந்தது. வாயைத் திறந்தவள் சொல்லாமல் மூடினாள். பூட்டிய அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டுகிறவனின் குரல் அது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும் போல மட்டும் இருந்தது.

அக்கா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவள் இதை முழுசாகக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

ஒன்றரை நிமிடம். பாட்டு முடிந்தது.

"அவன் மேடையில எப்படி நிப்பான்?" என்று கேட்டார் தராசு.

"மேடையா?" வேன்காரி சிரித்தாள். "சைக்கிள் கடைப் பின்பக்கம், கார் ஷெட், யாரோ வீட்டு முன்ரூம். அதான் சார் எங்க டூர். பன்னெண்டு நிமிஷம் வாசிப்போம், அட்டைப்பெட்டி மேல பத்து ரெக்கார்டு விப்போம், அங்கேயே பாயைப் போட்டுப் படுப்போம். சுத்தி ஜனங்க, நடுவுல நாங்க. முன்னெல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஜனங்களைப் பார்த்துக் கத்துவான். போன வருஷத்துலேர்ந்து என்னைப் பார்த்து நிக்க ஆரம்பிச்சான். என் கையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். ஜனங்களுக்கு முதுகு."

"செம்ம ஸ்டைல் சார் அது" என்றான் ஜெராக்ஸ். "செருப்பையும் கழட்டிட்டான். வெறுங்கால். அதான் அவனுக்குப் பூனைன்னு பேரு. ஒரு கை எப்பவும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி மேல. மத்த பேண்ட்ல பாடறவனுங்களும் இப்போ செருப்பைக் கழட்டிட்டானுங்க!"

"பாட்டுக்கு நடுவுல பேசுவானா?"

"அதையும் விட்டுட்டான். வேன்ல கூடப் பேச்சு கிடையாது. நாம ஏதாவது சொன்னா 'சரி'ம்பான். மனசுக்குள்ளயே பாட்டு எழுதறான்னு நாங்க தொந்தரவு பண்றதில்ல."

தராசு நோட்டில் எதையோ எழுதினார். ரேடியோ எட்டிப் பார்த்தாள். 'கால். கை. கண்.' மூன்றே சொல்.

படியேறும்போது வேன்காரி பின்னாலேயே வந்தாள். "சனிக்கிழமை அடுத்த டூர் கிளம்பறோம். கத்தறதுக்குப் புதுசா ஒரு ஆள் பார்த்தாச்சு. ஆனா..." கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். "வேன்ல அவன் உக்கார்ற ஜன்னலோர சீட்ல இன்னும் யாரையும் உக்கார விடல. பார்த்தா அதை மட்டும் சொல்லுங்க."

தெருவுக்கு வந்ததும் ரேடியோ பிடித்துக்கொண்டாள். "நல்ல கும்பல் சார். ஒருத்தன் சுவத்துல தலையை முட்டிக்கிட்டாலும் கைதட்டுவாங்க போல. தலைவலியாடான்னு கேக்க ஆளில்ல."

தராசு நின்றுவிட்டார். "என்ன சொன்னே?"

"ஜோக்கு சார்."

"இல்ல" என்றார் அவர். "அது ஜோக்கு இல்ல." ஆனால் எது என்று சொல்லவில்லை.

அக்கா ரெக்கார்டை வெயிலில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், எங்க லேப்ல ஈறுக்கு ஒரு நிறம், பல்லுக்கு ஒரு நிறம். ஒண்ணை விட்டு இன்னொண்ணுக்கு மாறும்போது, மெஷின்ல ஒட்டிக்கிட்டு இருக்கற பழசும் சேர்ந்து வரும். முதல் ரெண்டு மூணு இப்படித்தான் கலந்து கிடக்கும். அதைத் தூக்கிப் போட்டுடுவோம். யாருக்கும் அனுப்ப மாட்டோம்."

தராசு மெதுவாகத் திரும்பினார். "யாருக்கும் அனுப்பாததை யார் அனுப்ப முடியும்?"

"குப்பைக்கூடை பக்கத்துல நிக்கறவன்" என்றாள் ரேடியோ.

"விளிம்பு கூட வெட்டல, அதான் எடை ஜாஸ்தி. சூடு ஆறதுக்குள்ள எடுத்திருக்கான். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

*

ரெக்கார்டு பிரஸ் ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் இருந்தே பிளாஸ்டிக் உருகும் வாசனை. பன்னிரண்டே முக்கால்.

கேட்டில் ஃபோர்மேன் வழிமறித்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை, சட்டைப்பையில் மூன்று பேனா. "வேலை நேரத்துல வெளியாள் வரக்கூடாது. யாரைப் பார்க்கணும்?"

"நாங்க அளவெடுக்க வந்திருக்கோம்" என்று ரேடியோ ஆரம்பித்தாள். பொய் சொல்வதில் அவளுக்கு ஒரு தனி உற்சாகம் உண்டு. "உங்க ரெக்கார்டெல்லாம் நடுவுல ஓட்டை போடறீங்கன்னு புகார்..."

"என் தம்பி இங்க இருக்கானா ஐயா?" என்றாள் அக்கா குறுக்கே.

ஃபோர்மேனின் கை கேட் கம்பியிலேயே நின்றது. அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, அந்தக் குரல் வந்த காற்றையே பார்ப்பதுபோல நின்றார்.

"நீங்களா?" என்றார். பிறகு அவசரமாகத் தொண்டையைச் செருமினார். "வாங்க. உள்ள வாங்க."

'இவருக்கு எப்படி இவளைத் தெரியும்?' ரேடியோ தராசைப் பார்த்தாள். தராசு ஃபோர்மேனின் பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே எட்டு பிரஸ்கள். ஒவ்வொன்றும் வாயைத் திறந்து, கறுப்பு உருண்டையை விழுங்கி, நீராவியைக் கக்கி, தட்டாகத் துப்பியது. சத்தம் எலும்புக்குள் இறங்கியது. எல்லார் காதிலும் கவசம். யாரும் பேசவில்லை. இரண்டு விரல் காட்டினால் லேபிள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. கன்னத்தைத் தொட்டால் டீ. கொட்டகை முழுக்கக் கையாலேயே பேசிக்கொண்டிருந்தது.

கடைசி பிரஸ்ஸில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன். ஒல்லியான கழுத்து. காலணியை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு மரப்பலகை மேல் வெறுங்காலோடு நின்றிருந்தான். மெஷின் பக்கத்தில் ஆணியில், வட்ட வட்ட ரெக்கார்டு லேபிள்களை நடு ஓட்டை வழியே கயிற்றில் கோத்து, கொத்தாகத் தொங்கவிட்டிருந்தது. கழிவு லேபிள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ரேடியோ.

"தம்பி!" அக்கா கத்தினாள். மெஷின் அதை விழுங்கியது. "தம்பி!"

ஃபோர்மேன் தன் காதுக் கவசத்தைத் தொட்டுக் காட்டி, பொறுங்கள் என்று கையமர்த்தினார்.

ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. பிரஸ்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. எல்லாரும் கவசத்தைக் கழற்றினார்கள். அவனும் கழற்றி ஆணியில் மாட்டினான். கொட்டகையில் இப்போது ஒரு குழாய் சொட்டும் சத்தம் கூடக் கேட்டது.

"தம்பி" என்றாள் அக்கா, சாதாரணக் குரலில். பத்தடி தூரம்.

அவன் திரும்பவில்லை. ஒரு ரெக்கார்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோபம்" என்றாள் அக்கா. அவள் உதடு கோணியது. "பார்த்தீங்களா சார், எவ்வளவு கோபம்."

தராசு முன்னால் போனார். மரப்பலகையின் இந்தப் பக்க முனையில் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

அவன் சடக்கென்று திரும்பினான்.

அந்த ஒரு நொடியில் ரேடியோவுக்கு எல்லாம் விளங்கியது. வெறுங்கால். ஸ்பீக்கர் பெட்டி மேல் கை. டிரம்ஸ்காரியை விட்டு அகலாத கண். ஸ்டைலாம்! பேண்டுக்கு முதுகைக் காட்டினால் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது அவனுக்கு. ஒரு வருஷமாகக் காது கேட்காமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறான். அவன் கஷ்டப்படக் கஷ்டப்பட ஜனங்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

அக்காவின் கை தானாக வாயைப் பொத்தியது. "ஐயோ" என்றாள் விரல்களுக்குள். "ஐயோ, நான் என்ன சொன்னேன் தெரியுமா சார் அன்னிக்கு? 'இப்படிக் கத்தறியே, உன் காது செவிடாப் போனாத்தான்டா நீ அடங்குவே'ன்னு சொன்னேன். இதே வார்த்தை. இதே வாயால."

தராசு ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.

"அக்கா" என்றான் அவன். முந்நூறு ரெக்கார்டில் கதவை உடைக்கிற அந்தக் குரல், பக்கத்தில் நின்றும் பாதிதான் கேட்டது. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

மேஜையில் அச்சடிக்காத வெள்ளை லேபிள் ஒரு கட்டு இருந்தது. ஒன்றை எடுத்து மார்க்கர் பேனாவால், நடு ஓட்டையைச் சுற்றி எழுதினான். *இடது மூணு வருஷமா. வலது போன வருஷம். டாக்டர் ரெண்டு பேர் பார்த்தாச்சு. காதுல மெஷின் வெச்சா இரைச்சல்தான் வருது, பேச்சு வரல.*

"வீட்டுக்கு வா" என்றாள் அக்கா. வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக.

அவன் மாட்டேன் என்று தலையசைத்தான். எழுதினான். *இங்க யாருக்கும் காது வேண்டாம். எல்லாருக்கும் கைதான். நிம்மதியா இருக்கு.* இன்னொரு லேபிள். *பேண்ட்ல சொல்லாதே. அவங்க பாவம், ஒரு வருஷமாப் பார்க்கலையேன்னு அழுவாங்க.*

ரேடியோ மார்க்கரை வாங்கி, ஜன்னலோர சீட் காலியாக இருப்பதை எழுதினாள். படித்தான். அந்த லேபிளை மட்டும் மடித்து மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இப்போது அக்கா மார்க்கரை எடுத்தாள். நாற்பத்தொரு நாளாக எழுத மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த கை. லேபிளில் இடம் போதாமல் எழுத்து நெருக்கியடித்தது. *அன்னிக்கு நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன்டா.*

அவன் படித்தான். ரொம்ப நேரம் படித்தான், ஒரே வரிதான். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கீழே எழுதினான்.

*எதை? நீ பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தே. முதுகு தெரிஞ்சுது. ஏதோ சொன்னே. எனக்குக் கேக்கலக்கா. சும்மா சரின்னேன். என்ன சொன்னே?*

அக்கா அந்த லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உண்மையை எழுதினால் இன்றைக்குத்தான் அவனுக்கு முதன்முதலாக அந்த அடி விழும், அதுவும் அவள் கையாலேயே. எழுதாவிட்டால் மன்னிப்பே கிடையாது.

ரேடியோ தராசைப் பார்த்தாள். எதையாவது செய்யுங்கள் சார் என்றது அவள் பார்வை. ஊரையே அளந்தவர் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுதினாள். *சாப்பிட்டியான்னு கேட்டேன். கத்திக் கேட்டுட்டேன். அதான்.*

அவன் படித்தான். மெல்லச் சிரித்தான். "சரிக்கா" என்றான்.

கொட்டகைக் கடிகாரத்தில் ஒன்றேகால். பின்னால் காலடிச் சத்தம். ஃபோர்மேன் ஒரு கையில் வெள்ளை லேபிள், ஒரு கையில் திறந்த பேனாவோடு வேகமாக வந்தார், தினமும் வருகிறவர் போல. அக்கா இன்னும் அங்கே நிற்பதைப் பார்த்ததும் வந்த கால் பின்வாங்கியது. பேனாவை மூடிப் பைக்குள் சொருகிக்கொண்டு, சுவரில் இல்லாத எதையோ படிக்க ஆரம்பித்தார்.

தராசு அதைப் பார்த்தார். ரேடியோவும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது.

காது கேட்காதவன் நாற்பத்தொரு மெசேஜை எப்படிக் கேட்டான்?

*

ஒன்றரைக்குச் சங்கு ஊதியது. அவன் கவசத்தை மாட்டிக்கொண்டான். அக்கா முகம் கழுவப் பின்பக்கம் போனாள். தராசும் ரேடியோவும் ஃபோர்மேனை கேட் அருகே மடக்கினார்கள்.

"அந்தக் காது உங்களுதுதானே?" என்றார் தராசு.

ஃபோர்மேன் மறுக்கவில்லை. "முதல் நாள் போனை நீட்டினான் சார். 'என்ன சொல்றாங்கன்னு எழுதிக் குடுங்க'ன்னு எழுதிக் காட்டினான். வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையோன்னு, காதுல விழுந்ததை அப்படியே எழுதினேன். எழுதி முடிச்சப்புறம்தான் என்ன எழுதியிருக்கேன்னே எனக்கு உறைச்சுது." மீசையைத் தடவினார். "'உன் காது செவிடாப் போனாத்தான் அடங்குவேன்னு சொன்னேனே, அதைத் திருப்பி எடுத்துக்கறேன்டா'ன்னு ஒவ்வொரு நாளும் அழறாங்க. அந்த வரி இல்லாத மெசேஜே கிடையாது. ஆணியில தொங்குதே லேபிள் கொத்து, அதான். நாப்பத்தொண்ணு."

"அப்ப அன்னிக்கு அவன் காதுல அது விழவே இல்லைன்னு சொன்னது...?" என்றாள் ரேடியோ.

"அது நிஜம். அன்னிக்கு விழல. முதுகு, ஓடற குழாய், ஒண்ணும் புரியலையாம். அந்த வார்த்தை அவனுக்கு வந்து சேர்ந்ததே இங்கதாம்மா. என் கையெழுத்துல."

மன்னிப்புதான் அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. தினம் ஒரு தடவை, ஞாயிறு நீங்கலாக.

"நிறுத்தியிருக்கலாமே! முதல் நாளோட நிறுத்தியிருக்கலாமே!"

"சொன்னேனே. 'அக்கா தினமும் பேசறா, நான் தினமும் கேக்க வேண்டாமா'ன்னு எழுதினான். அதுக்கு மேல நான் என்ன சொல்லட்டும்?" ஃபோர்மேன் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டுக்கொண்டார். "போன வாரம் ஆரஞ்சுலேர்ந்து கறுப்புக்கு மாத்தினோம். கழிவுல விழுந்த முதல் தட்டை எடுத்து வெச்சுக்கிட்டான். 'அக்காவுக்கு. நான் நல்லா இருக்கேன்னு தெரியட்டும்'னான்."

எல்லாம் தெரிந்தும் எதையென்று கேட்டானே, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு! அவள் தப்பித்துப் போகட்டும் என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். அவளும் வெளியே போய்விட்டாள். யார் வாயைத் திறந்தாலும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஐந்து வயசு குறைந்திருந்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவளே பேசினாள்.

"அவனுக்குக் கேக்கவே இல்ல சார்! நான் சொன்னது அவன் காதுல விழவே இல்ல! நாப்பத்தொம்பது நாள் நான் தூங்கல, அவன் பாட்டுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கான். இனிமே தினம் எழுதிப் போடறேன். ஒரு நாள் வராமலா போவான்? என்ன ரேடியோ, நீங்க ஏன் வாயே திறக்கல?"

"தொண்டை கட்டிக்கிச்சுக்கா" என்றாள் ரேடியோ. "அந்த மெஷின் நீராவி ஒத்துக்கல."

பஸ் வந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தாள். விரல் பழக்கத்தில் மைக் படத்துக்குப் போனது. நின்றது. அவள் நெற்றி மெதுவாகச் சுருங்குவதை ரேடியோ பார்த்தாள். நிறுத்த முடியவில்லை.

"சார்... ஆனா இந்த நீல டிக்?" அக்கா திரும்பினாள். "அவனுக்குத்தான் காது கேக்காதே. அப்ப இதையெல்லாம் யாரு கேட்டது?"

இருபத்தாறு வருஷத்தில் கால் கிராம் கூட விட்டுக்கொடுக்காத மனிதர், கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"போன் கோளாறும்மா" என்றார் தராசு. "தானா அழுந்தியிருக்கும். குத்துமதிப்பா, அப்படித்தான் இருக்கும்."